பாட்டை முடித்துக் கொடுக்கும் வேலை: சென்னையில் மியூசிக் புரொடியூசர் ஆக நினைப்பவர்களுக்கு

ஒரு கல்யாணத்தில் மாமா ஒருவர் 'இப்ப என்ன பண்றே' என்று கேட்டார். 'மியூசிக் புரொடியூசர்' என்றேன். 'அடேங்கப்பா, எந்தப் படத்துக்குப் பணம் போட்டிருக்கே?' என்று கேட்டுவிட்டுப் பாயசத்தைக் குடிக்க ஆரம்பித்தார். அவர் மேல் தப்பே இல்லை. நம்மூரில் புரொடியூசர் என்றால் பணம் போடுகிறவர், பாட்டு செய்கிறவர் என்றால் மியூசிக் டைரக்டர். கோடம்பாக்கத்தில் ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட ஒருவர், புரோகிராமிங்குக்கு ஒருவர், எழுத ஒருவர், ரெக்கார்டு செய்ய, மிக்ஸ் செய்ய வேறு ஆள் என்று வேலை பிரிந்து கிடக்கும். ராக், பாப் உலகத்தில் ரெக்கார்ட் புரொடியூசர் என்பவர் இத்தனையையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பாடகரோ பேண்டோ பாதிப் பாட்டோடு வந்து நிற்கும்போது அதை முழுப் பாட்டாக்கி அனுப்புகிறவர். பல நேரம் பாட்டை எழுதுவதிலும் அவருக்குப் பங்கு இருக்கும்.

முடித்துக் கொடுப்பதுதான் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்னையில் எனக்குத் தெரிந்த பாதிப் பேரின் லேப்டாப்பில் சில விநாடியே ஓடித் திரும்பத் திரும்பச் சுற்றும் எட்டு பார் லூப்கள் நூறு கிடக்கும், ஒரு முழுப் பாட்டு இருக்காது.

இந்த வேலைக்கு ஒரே ஒரு வகை ஆள்தான் சரிப்படுவார் என்றும் இல்லை. பீட்டில்ஸின் புரொடியூசர் ஜார்ஜ் மார்ட்டின் முறையாக இசை படித்தவர், ஓபோ வாசித்தவர், பையன்கள் கிட்டாரில் கொண்டுவந்த பாட்டுக்கு வயலின் செல்லோவெல்லாம் எழுதிக் கொடுத்தவர். இன்னொரு பக்கம் ரிக் ரூபின். 1984-இல் நியூயார்க் யுனிவர்சிட்டி ஹாஸ்டல் அறையில் டெஃப் ஜாம் என்ற லேபிளை, அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனியை, நடத்த ஆரம்பித்தவர், மிக்ஸிங் போர்டை இயக்கத் தனக்குத் தெரியாது என்று டிவி பேட்டியிலேயே சொன்னவர். அவர் விற்றது காதையும் ரசனையையும். நீங்கள் எந்தப் பக்கம் என்று முதல் வருஷமே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் இரண்டு பேரும் பாட்டை முடித்து வெளியே அனுப்பினார்கள்.

முதல் வருஷம்: குட்டிக் குட்டியாய் முடியுங்கள்

ஆல்பம் கனவைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முப்பது விநாடி, அறுபது விநாடி வேலைகளைத் தேடுங்கள். கல்லூரிக் குறும்படம், யூடியூப் சேனலின் தொடக்க இசை, நகைக்கடை விளம்பரம், பள்ளி ஆண்டு விழாப் பாட்டு, எதுவானாலும் சரி. ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டையொட்டி ஸ்டூடியோ கட்டியது 1989-இல், முதல் படம் வந்தது 1992-இல். அதற்கு முன்னால் மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்தார், விளம்பர ஜிங்கிள்கள் நிறையச் செய்தார். ஜிங்கிள் ஒரு கறாரான வாத்தியார். முப்பது விநாடிக்குள் ஆரம்பம், மனதில் ஒட்டிக்கொள்ளும் ஹூக், பொருளின் பெயர், முடிவு எல்லாம் வந்தாக வேண்டும், வெள்ளிக்கிழமை கேட்டால் வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மனநிலை வரவில்லை என்று கிளையண்டிடம் சொல்லிப் பாருங்கள், என்ன ஆகிறது என்று தெரியும்.

நானே எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு: வாரத்துக்கு ஒரு டிராக், நன்றாக இருக்கிறதோ இல்லையோ ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பவுன்ஸ் செய்து, அதாவது ஒரே ஆடியோ ஃபைலாக்கி, நான்கு நண்பர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் போட்டுவிட வேண்டும். முதல் இருபது டிராக்கை இப்போது கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. இருபத்தைந்தாவது சுமாராக வந்தது.

அறையும் சாமானும்

சாமான் பற்றி எழுதினால் எழுதிக்கொண்டே போகலாம், அதனால் சுருக்கமாக: லேப்டாப், மைக்கை லேப்டாப்போடு இணைக்க இரண்டு இன்புட் உள்ள ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், பலத்த சத்தத்தைத் தாங்கும் ஒரு நல்ல டைனமிக் மைக், நுணுக்கம் பிடிக்கும் ஒரு கண்டென்சர் மைக், நம்பகமான ஹெட்ஃபோன், மென்பொருளுக்குள் இருக்கும் வாத்தியங்களை வாசிக்கச் சின்ன மிடி கீபோர்டு. ஸ்பீக்கர் அப்புறம். ரெக்கார்டு செய்யும் மென்பொருளில் ரீப்பர் 60 நாள் இலவசம், தனிநபர் லைசென்ஸ் 60 டாலர்தான். கியூபேஸோ ஏபிள்டனோ லாஜிக்கோ நண்பர்கள் எதில் இருக்கிறார்களோ அதிலேயே நீங்களும் இருந்தால் ஃபைல் மாற்றிக்கொள்வது சுலபம். கேபிள், கனெக்டர் மாதிரி சில்லறைச் சாமானுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். வாத்தியம் தொட்டுப் பார்த்து வாங்க அண்ணா சாலையில் மியூஸி மியூசிக்கல் இருக்கிறது, 1842-இல் இருந்து இருக்கும் கடை.

சென்னையில் உண்மையான பிரச்சினை மைக் இல்லை. சத்தமும் ஈரமும்தான். ஃபேனை நிறுத்தினால் பாடகருக்கு வியர்க்கிறது, போட்டால் அந்த டேக், அதாவது அந்தத் தடவைப் பதிவு, வீண். ஏசியை அறை குளிரும்வரை ஓடவிட்டு, டேக்குக்கு நிறுத்தி, மறுபடி போட்டு, இப்படியேதான் ஓட்டியாக வேண்டும். ஆடி மாதம் என்றால் தெருமுனை அம்மன் கோயில் ஸ்பீக்கர் ராத்திரி வரை. நான் குரல் ரெக்கார்டு செய்வது பெரும்பாலும் ராத்திரி பதினொன்றுக்கு மேல், பால் பாக்கெட் வண்டி வருவதற்குள். இன்வெர்ட்டரில் ஓடும்போது டிராக்கில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் ஏறும், எர்த்திங் சரியில்லாத பழைய வீடு என்றால் கரண்டில் ஓடும்போதும் ஏறும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்க ஆகும் செலவு, சத்தத்தைச் சரிசெய்ய வாங்கும் எந்த பிளக்-இன் மென்பொருளையும்விட லாபம். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நிற்காது. கனமான ராக்வூல் பேனல் நான்கு செய்து மூலையிலும் பாடகருக்குப் பின்னாலும் வைத்தால் எதிரொலி குறையும். அது இல்லாதவரை துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டிப் பாடச் சொல்லுங்கள், கேட்க வேடிக்கையாக இருந்தாலும் வேலை செய்கிறது. கண்டென்சர் மைக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், கடலோர ஊரில் இது கட்டாயம்.

ஈரம் என்றதும் பறைதான் ஞாபகம் வருகிறது. ஒரு ராக் பாட்டின் நடுவில் டிரம்ஸை எடுத்துவிட்டுப் பறை வரட்டும் என்று முடிவு செய்து, நவம்பர் மாதம், மழை விட்ட ஒரு சாயங்காலம், நான்கு அண்ணன்களை வரவழைத்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை. முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது, தோல் தொய்ந்து 'தொப் தொப்' என்கிறது. மூத்தவர் ஒன்றும் பேசாமல் மொட்டை மாடிக்குப் போய்ப் பழைய பேப்பரைக் கொளுத்தி, தோலைச் சூடு காட்டி, விரலால் தட்டித் தட்டிக் கேட்டு, 'இப்ப அடிப்பா' என்றார். கணீர் என்று வந்தது. வந்து பத்து நிமிஷம், மறுபடி இறங்க ஆரம்பித்தது. எனக்குப் புரியவில்லை, ஏழெட்டு டேக் எடுத்துவிட்டேன். ராத்திரி உட்கார்ந்து நல்ல பாகங்களை வெட்டி ஒட்டியபோதுதான் சிக்கல் தெரிந்தது: சூடு காட்டியவுடன் எடுத்த டேக்கும் பத்து நிமிஷம் கழித்து எடுத்ததும் ஸ்ருதியிலேயே வேறு வேறாக நிற்கின்றன, ஒட்டின இடம் அப்பட்டமாய்க் கேட்கிறது. அதிலிருந்து கற்றது, ஒரு சூட்டுக்கு இரண்டு டேக், அதற்குள்ளேயேதான் வெட்டு ஒட்டு, டிராக் பெயரில் 'சூடு 1', 'சூடு 2' என்று எழுதி வைத்துக்கொள்வது. இன்னொன்று, பறைக்கு மைக்கை நெருக்கி வைக்காதீர்கள். இரண்டு மூன்றடி தள்ளி டைனமிக் மைக், அடிக்குச்சியின் கனமும் சிண்டுக்குச்சியின் 'சடசட'வும் தனித்தனியாகக் கேட்கும் இடம் வரும்வரை மைக்கை நகர்த்திப் பார்க்க வேண்டும். மாடியில் நெருப்பு மூட்டுவதற்கு முன்னால் வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடவும். நான் சொல்லவில்லை.

தமிழில் ராக் எழுதுவது

இங்கிலீஷ் பாட்டைக் கேட்டுப் பழகிய காதோடு மெட்டுப் போட்டுவிட்டு அதில் தமிழை நுழைக்கப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே சுவரில் முட்டிக்கொள்வார்கள். தமிழில் குறில் நெடில் மாறினால் அர்த்தமே மாறும். 'என்னை விடு' என்று எழுதிவிட்டு, அந்த 'வி' விழும் இடத்தில் மெட்டு இரண்டு பீட் நீளுகிறது என்றால் கேட்கிறவருக்கு அது 'என்னை வீடு'தான். 'எடு' நீண்டால் ஏடு, 'படு' நீண்டால் பாடு. அதனால் மெட்டில் நீளும் இடங்களைத் தாளில் கோடு போட்டு, அங்கெல்லாம் நெடிலோ, 'ம்', 'ன்', 'ல்' மாதிரி இழுக்கத் தோதான மெய்யில் முடியும் அசையோ வருமாறு எழுதுங்கள். அடி பலமாக விழும் பீட்டில் க, ச, ட, த, ப வந்தால் கிட்டாரோடு சேர்ந்து அறையும். நம் சினிமாவில் தனனா தானனா என்று தத்தகாரம் பாடிக் கொடுப்பதும் இதற்காகத்தான், குறில் நெடில் எங்கே என்று கவிஞருக்கு அதிலேயே தெரிந்துவிடும். நீங்களும் அர்த்தமில்லாத இங்கிலீஷில் டம்மி பாடாமல் தத்தகாரத்தில் பாடிப் பழகுங்கள்.

அடுத்து நீளம். 'பார்த்துக்கொண்டிருந்தேன்' ஆறு அசை. 'பாத்துட்டிருந்தேன்' ஐந்து. 'பாத்தேன்' இரண்டு. வேகமான ராக் மெட்டுக்கு எது உட்காரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேச்சுத் தமிழில் எழுதுங்கள், ஆனால் யாருடைய பேச்சு என்று தெரிந்து எழுதுங்கள். காசிமேட்டுக்காரர் பாடும் வரியில் மயிலாப்பூர் வாடை அடித்தால் முதல் கேட்பிலேயே பொய் தெரிந்துவிடும். பாடுகிறவரிடமே அந்த விஷயத்தை வாயால் சொல்லச் சொல்லி, ஃபோனில் பதிவு செய்து, அதிலிருந்து வரியை எடுப்பது என் வழக்கம். எதுகை மோனைக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம், தமிழில் அது தானாக வந்து விழும். வலிந்து கொண்டுவந்தால்தான் கல்யாணப் பத்திரிகைக் கவிதை மாதிரி ஆகிறது.

ஆட்களை எங்கே பிடிப்பது

கல்லூரி விழாக்கள், ஐஐடியின் சாரங் மாதிரி இடங்களில் மேடை ஏறும் பேண்டுகள், கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரியில் படிக்கிற பசங்க, சர்ச் கொயர், மெல்லிசைக் குழு, கானா பாடுகிறவர்கள். குறிப்பாகக் கானாவும் பறையும் ராக்கும் ஒரே மேடையில் நிற்க முடியும் என்று தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு 2018 ஜனவரியில் சென்னையிலேயே காட்டிவிட்டது, டைரக்டர் பா. ரஞ்சித்தின் முயற்சியில், டென்மா இசைப் பொறுப்பில். எனவே 'இங்கே ராக்குக்கு ஆள் இல்லை' என்ற புலம்பல் இனி செல்லாது. சாலிகிராமம், வடபழனிப் பக்கம் ஏதாவது ஸ்டூடியோவில் அசிஸ்டெண்டாக ஆறு மாதம் கேபிள் சுற்றக் கிடைத்தால் போய்விடுங்கள். சம்பளம் கம்மிதான். ஆனால் ஒரு மூத்த வயலின்காரரிடம் 'சார், இன்னொரு டேக்' என்று அவர் முகம் சுளிக்காதபடி எப்படிக் கேட்பது என்பதை யூடியூப் சொல்லித்தராது. இந்த வேலையில் பாதி அதுதான்.

பேப்பர்

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம். நானும். ஒரு விளம்பரத்துக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஜிங்கிள் செய்தேன், பேசியதெல்லாம் ஃபோனில். 'ஒரு ரேடியோ ஸ்பாட் தம்பி, ஒரு மாசம்தான்' என்றார்கள். மூன்று வருஷம் ஓடியது, கடைக்குள்ளே ஓடியது, லிஃப்ட்டில்கூட ஓடியது. கேட்கப் போனால் 'அப்படியா பேசினோம்?' என்றார்கள். கையில் ஒரு மெயில்கூட இல்லை. அதனால் என் கணக்கில் ஒரு பாட்டு முடிவது வெளியிடத் தயாரான மாஸ்டர் ஃபைல் வந்ததும் அல்ல, யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும்தான்.

சட்டப்படி ஒரு பாட்டுக்குள் மூன்று தனித்தனிச் சொத்து இருக்கிறது: மெட்டு, அது கம்போசருடையது. வரிகள், எழுதியவருடையது. பதிவு செய்த ஒலி, அது புரொடியூசருடையது. ஆனால் கவனியுங்கள், சட்டம் சொல்லும் புரொடியூசர் அந்தப் பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர், நடைமுறையில் பெரும்பாலும் பணம் போட்ட லேபிள். மாமா கேட்ட கேள்வி அவ்வளவு முட்டாள்தனம் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீங்கள் ராத்திரி பகலாக புரோகிராமிங் செய்து சவுண்டைச் செதுக்கியிருந்தாலும், கம்போசர் என்று உங்கள் பெயரை எழுதாவிட்டால், ஒலிப்பதிவில் பங்கு என்று எழுதாவிட்டால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் கூலி வாங்கிக்கொண்டு போனவர். ஜார்ஜ் மார்ட்டினே ஈஎம்ஐ என்ற ரெக்கார்டு கம்பெனியில் சம்பளக்காரராகத்தான் இருந்தார், உலகமே வாங்கிய ரெக்கார்டுகளுக்கு விற்பனையில் பங்கு, அதாவது ராயல்டி, கிடையாது. 1965-இல் வெளியே வந்து ஏர் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

2012-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டதில் நமக்கு ஒரு நல்ல விஷயம் நடந்தது. கம்போசரும் பாடலாசிரியரும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும், பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது, வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர. விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது. சினிமாப் பாட்டுக்கு மட்டுமல்ல, தனிப் பாட்டுக்கும் இதுதான். படம் தியேட்டரில் ஓடுவதற்கு மட்டும் இது பொருந்தாது. ஒப்பந்தத்தில் காலம் எழுதவில்லை என்றால் ஐந்து வருஷம், எந்த ஊருக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் லேபிள்காரர்கள் தரும் தாளில் 'உலகம் முழுதும், என்றென்றைக்கும்' என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். படியுங்கள். மெட்டின் உரிமை உங்கள் ஆயுளுக்கும் அதற்கு மேல் 60 வருஷத்துக்கும் நிற்கிற சொத்து, டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட என்ன அவசரம்?

ராயல்டி வசூலிக்க ஐபிஆர்எஸ்-இல் உறுப்பினராகுங்கள். 1969-இல் இருந்து இருக்கும் சங்கம், கம்போசருக்கும் பாடலாசிரியருக்கும் பதிப்பாளருக்கும் உரியது. சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பதிவு செய்ய வேண்டும். செய்யாத பாட்டுக்குப் பணம் வராது.

பங்குத் தாளுக்கு வக்கீல் தேவையில்லை. ஒரே பக்கம், பாட்டின் பெயர், தேதி, மெட்டில் யாருக்கு எத்தனை, வரியில் எத்தனை, ஒலிப்பதிவில் எத்தனை, செலவு போனபின் பணம் எப்படிப் பிரியும், கிரெடிட்டில் பெயர் எப்படி வரும், எல்லோர் கையெழுத்தும். வெளிநாட்டு லேபிள்கள் புரொடியூசருக்கு மூன்று நான்கு சதவீதம் 'பாயிண்ட்' தருவது வழக்கம். சினிமாவோ பெரிய லேபிளோ இல்லாத நம்மூர் இண்டியில் வழக்கம் என்று ஒன்றும் கிடையாது, பேசுவதுதான் கணக்கு. பாட்டு முடிந்த அன்று, எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போதே, பிரியாணி வருவதற்குள் பேசிவிடுங்கள். நண்பர்களிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருக்கும். பாட்டு ஓடிய பிறகு கேட்பது அதைவிடப் பத்து மடங்கு கூச்சம்.

வெளியிடுவது

டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி விநியோகஸ்தர் மூலம் எல்லாத் தளத்துக்கும் போகலாம். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடம் கொண்ட அடையாளக் குறியீடு உண்டு, பெரும்பாலும் அவர்களே தருவார்கள், ரீமிக்ஸுக்குத் தனிக் குறியீடு. ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் ஆட்களிடம் பாட்டைக் காட்ட வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் அனுப்ப வேண்டும், நான் ஒரு மாதம் முன்னாலேயே ஏற்றிவிடுவேன். மாஸ்டரைத் தாறுமாறாகச் சத்தமாக்க வேண்டாம், ஸ்பாட்டிஃபை எப்படியும் -14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் இறக்கிவிடும், உங்கள் டிரம்ஸ் நசுங்கியது மட்டும் மிச்சம். ஸ்டூடியோ ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், ஒரு ஷேர் ஆட்டோவின் ஸ்பீக்கரிலும் ஃபோன் ஸ்பீக்கரிலும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். ரெடிமேட் லூப்பை அப்படியே போட்டால் அதே லூப்பை உலகத்தில் யாரோ ஒருவரும் போட்டிருப்பார், யூடியூப்பில் உங்கள் பாட்டின் மேல் அவருடைய கிளெய்ம், அதாவது 'இது என்னுடையது' என்ற உரிமைக் கோரல், வந்து நிற்கலாம். வெட்டுங்கள், திருப்புங்கள், ஸ்ருதி மாற்றுங்கள், அல்லது நீங்களே வாசியுங்கள்.

காசை வாங்குவது

முன்பணம் பாதி வாங்காமல் புராஜெக்ட் ஃபைலைத் திறக்காதீர்கள். எத்தனை திருத்தம் என்று எழுதுங்கள், என் தாளில் மூன்று, நான்காவதில் இருந்து தனிக் காசு. முழுப் பணம் வரும்வரை ஸ்டெம் ஃபைல்கள், அதாவது குரல், டிரம்ஸ் என்று தனித்தனியாகப் பிரித்த ஃபைல்கள், உங்களிடமே இருக்கட்டும், நடுவில் 'பீப்' வைத்த ஒரு எம்பி3 போதும் அவர்கள் கேட்டுப் பார்க்க. பில்லில் பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி, பிடித்தால் திடுக்கிட வேண்டாம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனிலேயே முடியும். அது கையில் இருந்தால், சிறு தொழில் சட்டப்படி வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். என் பில்லின் அடியில் இந்த ஒரு வரியை அச்சடித்து வைத்திருக்கிறேன். டைரக்டருக்கோ மார்க்கெட்டிங் மேனேஜருக்கோ ஃபோன் செய்து பயனில்லை, அவர்கள் 'சூப்பரா இருந்துச்சு ப்ரோ' என்பார்கள். அக்கவுண்ட்ஸில் யார் செக் போடுகிறார் என்று முதல் நாளே கேட்டு அந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்குக் கூப்பிடுங்கள். திங்கட்கிழமை கூப்பிட்டால் எரிச்சலில் இருப்பார்கள்.